ஆற்றில் விட்டாலும்

ராத்திரி இரண்டு மணிக்கு ஜீப் வந்தது.
பின்சீட்டில் ஈரச்சாக்கில் சுற்றிய ஸ்டர்ஜன்,
பக்கத்தில் விலங்கு பூட்டிய ஜெதெஸ்.
இருவரில் ஒருவர்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை" என்றான்.
"சினை உதிர்கிற பதம். சீக்கிரம்."
இன்ஸ்பெக்டர் கப்துல்லா வாயை மூடச் சொன்னார்.
அக்மரால் ஒன்றும் சொல்லவில்லை,
கையுறை மாட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் மாத ஜாயிக் ஆறு
உடைந்த பனியைக் காஸ்பியனுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.
அந்தப் பனிக்கு எதிரே ஏறி வந்திருக்கிறாள் இவள்,
பதினான்கு வயதில், தலைப்பிரசவத்துக்கு.
வலை பாலத்துக்கு இந்தப் பக்கமே இருந்தது.

வயிற்றைத் திறந்தோம்.
பிளாஸ்டிக் பேசினில் சாம்பல் மணிகள் சரிந்தன,
ஒன்றேமுக்கால் கிலோ.
எடை போட்ட நான் ஒரு கணம்,
ஒரே ஒரு கணம்தான்,
விலையும் போட்டேன்.

எங்கள் பண்ணையிலும் இதே சரக்குதான்.
தொட்டியில் வளர்த்து, கீறி எடுத்து, தையல் போட்டு,
ஐம்பது கிராம் டின்னில் எண் ஒட்டி அனுப்புகிறோம்.
அந்த டின்தான் பம்புக்கு மின்சாரம்,
குஞ்சுக்குத் தீனி, என் சம்பளம்.
எங்கோ ஒரு விருந்தில்
சிப்பிக்கரண்டி பிடித்த கை
இந்த ஆற்றுக்கு மூச்சு ஊதுகிறது.
சொல்ல நன்றாக இல்லை.

ஐந்தாம் தொட்டி ஆணின் விந்து ஐஸ்பெட்டியில் இருந்தது.
அக்மரால் வாத்து இறகால் கிளறினாள்.
முட்டைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க
வண்டல் கரைத்து ஊற்றி
நாற்பது நிமிஷம், நிறுத்தாமல்.
இருபதாவது நிமிஷத்தில் அவள் மணிக்கட்டு மரத்தது.
நான் கணக்கு எழுதுகிறவள், என் கை நடுங்கும்.

"அவிழ்த்துவிட்டால் நான் கிளறுவேன்" என்றான் ஜெதெஸ்.
"பழைய பண்ணையில் எட்டு வருஷம் இதுதான் வேலை.
மூடிவிட்டார்கள்."
கப்துல்லா சாவியை எல்லாப் பையிலும் தேடினார்,
அது முதல் பையிலேயே இருந்தது.
இதை அவர் அறிக்கையில் எழுதவில்லை.
நானும் எழுதவில்லை, இதுவரை.

தூங்குகிறவரை எழுப்பாமல்
போர்வையைச் சரிசெய்வதுபோல்
கிளறினான்.

ஏழாம் நாள் ஜாடிக்குள்
கறுப்புக் காற்புள்ளிகள் நெளிந்தன.
பூஞ்சை பிடித்தவையே அதிகம்.
பிழைத்தவை ஆறாயிரத்துச் சொச்சம்.
ஜெதெஸுக்கு மூன்று வருஷம்.

ஜூலையில் பாலத்துக்குக் கீழே
வாளி வாளியாக, விரல்நீளக் குஞ்சுகள்.
ஆற்றில் விட்டாலும் அளந்துதானே விடவேண்டும்,
எண்ணினேன், எழுதினேன், கையெழுத்து வாங்கினேன்.
தாயின் எண் என்ற கட்டத்தில்
'ஆறு' என்று மட்டும்.
கிளறியவர் என்று படிவத்தில் கட்டமே இல்லை.

இவை திரும்பி வரப் பதினான்கு வருஷம்.
வருவதென்றால் இதே பாலத்துக்குத்தான்.
அவனும் இங்கேதான் வருவான்,
அவன் முன்னால் வந்துவிடுவான்.

பண்ணையில் ஓர் இடம் காலி என்று
மேலாளரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.
டின் விற்கட்டும், பார்க்கலாம்
என்கிறார்.