சாய்ந்த கோடு

விலைச்சீட்டில் 485,000/= என்று இருந்தது.
கடைசியில் ஒரு சாய்ந்த கோடு, இரண்டு சிறு கீறு,
இதற்குமேல் ஒரு சதமும் கேட்கமாட்டோம் என்ற நாணயத்தோடு.

எனக்குப் பணத்தைப் பக்கத்தில்தான் எண்ணத் தெரியும்.
ஒரு பக்கம் ஆயிரத்து ஐந்நூறு.
பிறப்பு, விவாகம், மரணம்,
மூன்று மொழியில் எதிலிருந்து எதற்கும் அதே கூலி.
முந்நூற்றி இருபத்துமூன்று பக்கம் அடித்து
முத்திரை குத்தி ஒப்பம் வைத்தால்
இந்த லப்டொப் என்னுடையது.
அப்போதும் ஐந்நூறு ரூபா துண்டு விழும்.

பழையதில் ழ செத்து இரண்டு வருடம்.
வெள்ளவத்தையில், கடலுக்கு முதுகு காட்டும் அறை.
உப்பு முதலில் கதவுப் பிணைச்சலைத் தின்றது,
பிறகு மின்விசிறியின் கூட்டை,
பிறகு அந்த ஒரு விசையை.
ஔ போயிருந்தால் யாருக்குத் தெரியும்?

குழந்தைவேலு என்றொருவரின் மரண அத்தாட்சி
திரையின் மூலையில் கிடந்தது.
மனைவி கொடுத்துவிட்டுப் போனார்.
திரும்ப வரவில்லை, கூலியும் வரவில்லை.
அவர் பெயரைத் திறந்து
ழவை மட்டும் நகலெடுத்து
தேவைப்பட்ட இடமெல்லாம் ஒட்டினேன்,
கிழமைக்கு, பிழைதிருத்தத்துக்கு,
கீழே ஒப்பமிடுபவருக்கு.
கொட்டாஞ்சேனையில் பிறந்த பெண்பிள்ளை,
கிருலப்பனையில் பிறந்த இரட்டையர்,
அவர்கள் படிவங்களில் குழந்தை என்ற சொல்லின் நடுவில்
அவர் இருக்கிறார்.
ஆயிரத்து ஐந்நூறை
எழுத்தெழுத்தாய் அடைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

பம்பலப்பிட்டிக் கடையில்
இம்தாத் மூடியைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.
மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.
என்னுடையது மேட்டில் கியர் விழாத 138 பஸ்.
விரல் ழ இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் போனது.
தமிழ் போடாத இயந்திரம், விழுந்தது
/
விலைச்சீட்டில் பார்த்த அதே கோடு.

"என்ன வேலைக்கு மிஸ்? வீடியோவா, டிசைனா?"
"டைப் பண்ண."

சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.
முதலாளி பக்கம் ஒரு கண் வைத்து
குரலைத் தாழ்த்தினார்.
"டைப் பண்ண மட்டுமெண்டா இது என்னத்துக்கு?
பழசைக் கொண்டாங்க, கீபோட மாத்தித் தாறன்.
பதினோராயிரம் போகும்."

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
கல்லில் போய் இருந்தேன்.
பதினோராயிரம் எட்டுப் பக்கம்கூட இல்லை.
அவர் சொன்னது சரி.
சரியாக இருந்ததுதான் தொந்தரவு.
வீடியோ என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்
மறுபேச்சில்லாமல் விற்றிருப்பார்.
மெல்பேணில் ஒருவர் வீடு வாங்கிப் படம் அனுப்பினார்,
அவர் அங்கே போக அடித்த பதினாறு பக்கமும்
வெறும் டைப்தான்.

பன்னிரண்டு தவணை என்றால்
மாதம் நாற்பதாயிரத்துச் சொச்சம்.
அறை வாடகை முப்பத்தெட்டு.
அறையைவிட விலையான ஒன்று அறைக்குள் இருக்கும்,
அதையும் உப்பு தின்னும்.
உப்புக்கு விலைச்சீட்டு வாசிக்கத் தெரியாது.
பாணந்துறைக் கோச்சி போனது.
கல் அதிர்ந்தது, பிறகு அதிரவில்லை.
கணக்கு அப்படியே இருந்தது.

வெள்ளிவரைக்கும்தான் அந்த விலை.
வெள்ளி போனேன்.
"கீபோட மாத்துவமா மிஸ்?"
"இல்லை, இது."
என்னத்துக்கு என்று இந்தமுறை அவர் கேட்கவில்லை.
நானே சொன்னேன்,
முதலாளிக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் பலமாக,
"டைப் பண்ணத்தான் தம்பி. பில்லைப் போடுங்கோ."

சரியா பிழையா, இன்னும் தெரியாது.
பழைய கோப்பெல்லாம் அப்படியே வந்து சேர்ந்தது.
ழ விரலுக்கடியில் தானாக வந்தது.
ஆனாலும் முதல் இரவு,
மருதானையில் பிறந்த ஒரு குழந்தைக்காக,
பழக்கத்தில் இரண்டு தரம் குழந்தைவேலுவைத் திறந்து
ஒன்றும் எடுக்காமல்
மூடினேன்.