பாக்கி நாலு ரூபாய்

சனிக்கிழமை ஏழு பத்து டிரிப்பில்
திருவாரூரில் ஏறுவார் லீசா மிஸ்.
சம்பளமில்லாமல் எங்கள் பள்ளிக்கூடத்தில்
இங்கிலீஷ் நடத்த
எங்கிருந்தோ வந்தவர்.
எங்கே என்றால் “கடைசி” என்பார்.
அந்த ஒரு சொல் மட்டும் சுத்தமாக வரும்.

இருபத்தாறுக்கு முப்பது தருவார்.
டிக்கெட் முதுகில் ‘பாக்கி 4’ எழுதுவேன்.
இறங்கும்போது கேட்டதே இல்லை;
என் கையெழுத்து என்று நினைத்தாரோ என்னவோ.

இன்று கீவளூர் தாண்டுமுன் தூங்கிவிட்டார்.
மடியில் பரீட்சைப் பேப்பர் கட்டு.
காற்றில் மேல்தாள் எழும்ப
அமுக்கிப் பிடித்தேன்.
தமயந்தி, ஏழாம் வகுப்பு பி.
என் மகள்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன்:
அப்பா தினமும் நாலு தடவை வேளாங்கண்ணி போகிறார்.
அப்பா கடலில் கால் வைத்ததில்லை.

ஓரத்தில் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி.

வண்டி திரும்பப் பன்னிரண்டு நிமிஷம், மிஸ்.
அதற்குள் டீ,
கட்டணக் கழிப்பறை,
டைம் கீப்பரிடம் ஒரு கையெழுத்து.

தாள் பறக்காமலிருக்க
இரண்டு இரண்டு ரூபாயை
அதன்மேல் வைத்துவிட்டு,
சிக்கலில் ஏறின வெறும் மீன்கூடைகளுக்கு
லக்கேஜ் கிழிக்கப்
பின்னால் போனேன்.