எல்லாக் காலமும்

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குக் கூட்டம்.
அரசடியில் எங்கள் கந்தோர், மேல்மாடி,
இரண்டு ஃபேனில் ஒன்று மட்டும் சுற்றும்.
படுவான்கரைக் கிணறுகளின் உப்புக் கணக்கை
சுவரில் காட்ட வேண்டியது நான்.

லெப்டொப் கந்தோருடையது.
அடியில் ஸ்டிக்கர்: சொத்து இலக்கம் நானூற்றுப் பதினேழு.
பின்னேரம் ஐந்தரைக்கு மேல்
எல்லாரும் இறங்கிப் போன பிறகு
கொஞ்சம் என்னுடையது.

"யதுகுலா, அந்தக் கச்சேரிப் படிவத்தையும்
ஒருக்கா எடுங்க" என்றார் பணிப்பாளர்.
'க' என்று ஓர் எழுத்துத்தான் அடித்தேன்.
மிச்சத்தை அது சொல்லிற்று,
சுவரளவு எழுத்தில்:

கல்முனை விவாகரத்து சட்டத்தரணி பெண்
கல்லடி ஒற்றை அறை வாடகை
கணவன் பேசாமல் இருந்தால் எத்தனை மாதம்
கருவாட்டு மணம் கையை விட்டுப் போக

'ச்சேரி' என்பதை அடித்து முடிக்க
என் விரல்களுக்கு ஒரு பெரும்போகம் எடுத்தது.
நாலாவது வரிக்கு யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு
எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.
கருவாட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு றிஸ்மின் வந்தான்.
காத்தான்குடிப் பெடியன், கணினிகளுக்குப் பொறுப்பு.
என் முகத்தைப் பார்க்கவில்லை. பிளக்கைப் பார்த்து,
பழுதில்லாத வயரை ஒருதரம் கழற்றிக் கொழுவினான்.
"மிஸ், இதுல இப்படி ஒண்டு இருக்கு.
மூணு சாவியையும் ஒண்டா அமத்தோணும்."

திரை இருண்டது.
தொப்பி, கீழே கண்ணாடி,
இடையில் முகமில்லை.

"இது இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் மறைக்கும்.
கொழும்பில இருக்கிறவன் பாக்க நினைச்சா
போன பாதை தெரியும்.
சொந்த விசயத்தைச் சொந்த ஃபோன்ல பாருங்க மிஸ்."
ஓம் என்றேன்.
என் ஃபோனின் பூட்டு எங்கள் கலியாணத் திகதி.
மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேள்வி வரும்,
நாலு மாதத்தில் அவர் என்னிடம் கேட்கும்
முதல் கேள்வியாக.
இதை றிஸ்மினுக்குச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் தனியே இருந்து அழித்தேன்.
வரலாறு என்றுதான் அதற்கும் பெயர் போட்டிருக்கிறார்கள்.
கடைசி ஒரு மணித்தியாலம்,
கடைசி ஏழு நாள்,
எல்லாக் காலமும்.
எதை அழிக்க வேண்டும் என்று கேட்டது.
காணாமல் போனவர்களின் படத்தைக் காந்தி பூங்காவில்
வெயிலில் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களை
நேற்றும் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தேன்.
சுண்டெலி போல விரல் கொஞ்சம் தயங்கியது.
பிறகு எல்லாக் காலமும் அமத்தினேன்.
மூன்று விநாடி.
வாடகை அறையின் தொலைபேசி இலக்கமும் போயிற்று.
அதை எழுதி வைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து இன்னொரு திங்கள்.
இம்முறை வயர் பணிப்பாளரின் லெப்டொப்பில்.
வரவுசெலவைக் காட்டத் தேடினார்.
'வ' அடித்தார்.
பட்டியல் சுவரில் விழத் தொடங்க முதலே
சிவமணி அக்கா தலையில் இருந்த கண்ணாடியைத்
தலைக்கு வெளியே தேடினார்.
றிஸ்மின் சுற்றாத ஃபேனை ஆராய்ந்தான்.
சாரதி நவரெத்தினத்தார் பேனா மூடியைக் கீழே போட்டு
அதை எடுக்க நெடுநேரம் குனிந்திருந்தார்.
நான் யன்னலால் எதிர்க்கடைப் பலகையைப் படித்தேன்:
டயர், ரியூப், காற்று இலவசம்.

அப்போதுதான் விளங்கிற்று,
அன்றைக்கும் இந்த ஃபேனைத்தான்
இவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

என் கண் கொஞ்சம் பிந்திவிட்டது.
முதல் வரியைப் படித்துவிட்டேன்.
அதை இங்கே எழுதமாட்டேன்.

டயர், ரியூப், காற்று இலவசம்.