முப்பத்திரண்டு மணி

செவ்வாய் இரவு ஏழு மணிக்கு வகுப்பு.
வடமேற்கு அயோவாவில் பனி
பக்கவாட்டில்தான் பெய்யும்.
காருக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து
கையை முகர்ந்து பார்ப்பேன்.
மூன்று தரம் சோப்புப் போட்டும்
முட்டை வாசனை.

எனக்கு நாற்பத்தாறு.
என் பேராசிரியனுக்கு முப்பத்தொன்று.
டிரென்ட் போன்ஸ்ட்ரா.
அவன் அப்பாவின் பன்றிகளுக்கு
என் அப்பா தீவனம் விற்றார்.
இப்போது அவன் எனக்குத்
தலைமைத்துவம் விற்கிறான்,
மூன்று கிரெடிட், தவணை முறையில்.
கட்டணத்தில் பாதியை ஆலை கட்டுகிறது.
அதனால் நான் படிப்பதில் பாதி
தனக்குச் சொந்தம் என்பது
மேலாளரின் எண்ணம்.

ஜெபத்தோடு தொடங்குவான்.
கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன்,
திறந்து வைத்துக்கொண்டே ஆமென் சொல்வேன்.
பிறகு ரொக்க ஓட்டம், தேய்மானம்,
சிலுவைக்குக் கீழே சுவரில்
புரொஜெக்டர் விரிக்கும் நீலக் கட்டங்கள்.

அன்று அவன் எடுத்தது
அந்த உக்கிராணக்காரன் கதை.
வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும்
எசமானின் கடன்காரர்களைக் கூப்பிட்டுச்
சீட்டுகளைத் திருத்தினானே, அவன்.
எண்ணெய்க் கடன் பாதியானது.
கோதுமை நூறு, எண்பதானது.
எசமானோ அவனை மெச்சினாராம்.

"மோசடி" என்றான் பிரைஸ் ஃபெட்டர்,
கூடைப்பந்து உதவித்தொகையில் படிக்கிறவன்.
"தணிக்கையில் மாட்டுவான்."
"வாடிக்கையாளர் உறவு" என்றாள்
முன்வரிசைப் பெண்.
டிரென்ட் மார்க்கரின் மூடியைக்
கழற்றினான், மாட்டினான், கழற்றினான்.
"எனக்கும் இந்தக் கதை புரிந்ததில்லை."
அன்று நான் குறித்துக்கொண்ட
ஒரே வாக்கியம் அதுதான்.

என் பையில் இரண்டு உறைகள்.
ஒன்றில், ஊழியம் செய்யும் தலைவர் பற்றி
ஐந்து பக்கம், இரட்டை இடைவெளி.
மற்றதில் பதினோரு பெயர்கள்.
மூன்றாம் லைனில் யாரை நிறுத்தலாம் என்று
வெள்ளிக்குள் மேலாளர் கேட்டிருந்தது.
களைப்பில் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

வியாழன் அன்று திரும்பி வந்தது.
சிவப்பு மையில் இரண்டே வரி:
"மேற்கோள் குறிப்புகள் இல்லை.
யார் இவர்கள்?"

யார் இவர்கள்.
சம்பளப் பதிவேட்டின் வரிசையிலேயே
பார்த்து எழுதியிருந்தேன்.
எர்சின், தீவுக்காரன்,
மைனஸ் பத்திலும் ரப்பர் செருப்பு.
லூசியா, இரண்டு மணிக்கட்டிலும் பட்டை.
யூலாலியா பாஸ்குவால்,
விளக்கின்மேல் உருளும் முட்டைகளில்
இரத்தப் பொட்டு உள்ளதை
நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள்
எடுத்துவிடுகிறவள்.
ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட
என் மேசையில் சாப்பிட உட்காராதவள்.
மற்ற எட்டுப் பேருக்கு
எனக்குத் தெரிந்த வரி எதுவும் இல்லை.

அன்றிரவு அடுக்களையில்
கட்டங்களை நானே வரைந்தேன்.
பதினோரு பேரை நீக்காமல்
லைனில் உள்ள ஐம்பத்தைந்து பேருக்கும்
நாற்பது மணி, முப்பத்திரண்டு.
மிச்சமாகும் கூலி அதேதான்.
இரண்டு தரம் கூட்டினேன்.
நூறுக்கு எண்பது என்பது
பிறகுதான் உறைத்தது.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
என் பெயரையும் சேர்த்தேனா?
சேர்த்தேன். கடைசியில், பென்சிலால்.

மேலாளர் கால்குலேட்டரைத் தட்டினார்.
"படிப்பு வேலை செய்கிறதே!"
மெச்சினார் என்றுதான்
சொல்லவேண்டும்.

திங்கள் காலை யூலாலியா
என் மேசைக்கு வந்தாள்.
நன்றி சொல்லத்தான் என்று நினைத்து
எழுந்தே நின்றுவிட்டேன்.
"என் வெள்ளிக்கிழமையை எடுத்தது யார்?
வாடகை வெள்ளிக்கிழமையில் இருக்கிறது."

அந்தப் பதினொன்றில் உன் பெயரும் இருந்தது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
எழுதிய கை யாருடையது என்று
அவள் கேட்பாள்.
"நான்தான்" என்றேன்.

நெடுநேரம் பார்த்தாள்.
கையுறையைக் கழற்றினாள்.
நாற்காலியை இழுத்துப்போட்டு
உட்கார்ந்தாள்.
"கணக்கைக் காட்டு."