விலைச்சீட்டு எண் 0047

முதல் விலைச்சீட்டுக்கே
0047 என்று எண் போட்டேன்.
0001 என்றால் புதுக்கை என்று தெரிந்துவிடும்.
எனக்கு முன்னே நாற்பத்தாறு பேர்
வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று
சிங்கப்பூர்க்காரர் நினைத்துக்கொள்ளட்டும்.

லாபிஸ் கடைவரிசையில்
ஹெங்கின் டயர் கடைக்கு மேலே என் அறை.
வாடகை இருநூற்றைம்பது வெள்ளி.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் முனகத் தொடங்கினால்
மேசையும் திரையும் கோப்பிக் குவளையும்
ஒரே சுதியில் நடுங்கும்.
அப்போது மட்டும் என் எழுத்துகள்
நான் அசைக்காமலே அசையும்.

பக்கத்து வீட்டில் அம்மா
இப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள்:
"விளம்பரத்துல பேரு பறந்து வரும்ல,
அத இவதான் பறக்க விடறா."
இதைவிடத் தெளிவாக
என் சுயவிவரத்தில் நானே எழுதியதில்லை.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் துள்ள விட்டேன்.
பல் மருத்துவர் பெயர் துள்ளியது.
காப்புறுதி முகவரின் தொலைபேசி எண் துள்ளியது.
மொத்த வியாபாரி தவமணியின் டுரியான்
பந்துபோல மூன்று முறை துள்ளியது.
"தங்கச்சி, இது தலையில விழுந்து
பார்த்திருக்கியா?" என்றார்.
எண்பது வெள்ளி ரொக்கம், சீட்டு கிடையாது.
நான் கேட்டதும் எண்பதுதான்.
மூன்று இரவுக்கு.

மறுநாள் மோட்டாரை எடுத்துக்கொண்டு
செம்பனைக்குள் போனேன்.
வெட்டுகிற ரஃபிக்குல், நான் ஏதோ அதிகாரி என்று
தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார்.
முதலில் மட்டை.
அது யோசித்து யோசித்து இறங்கியது.
பிறகு குலை.
அறுபட்ட பின்னும் ஒரு நொடித்துண்டு
மரத்திலேயே இருந்தது.
பிறகு தொம்மென்று மண்.
துள்ளவில்லை. உருளக்கூட இல்லை.
உதிரிப் பழங்கள்தான் சிதறி ஓடின.
கைப்பேசியில் பதினொரு முறை பிடித்தேன்.
அறைக்கு வந்து கட்டம் கட்டமாக எண்ணினேன்:
தயக்கத்துக்கு ஆறு,
விழுவதற்கு இருபத்தைந்து,
மண்ணின் அதிர்வுக்கு இரண்டு.

அந்தக் கணக்கை அப்படியே
ஓர் அரிசி நிறுவனத்துக்குக் கொடுத்தேன்.
மூட்டை விழுந்தது. நாலு அரிசி ஓடியது.
அதுதான் 0047.
"கொஞ்சம் துள்ளட்டுமே" என்று பதில் வந்தது.
முடியாது என்று எழுதி, அழித்து,
மறுபடி எழுதி, அழித்து,
கடைசியில் இரண்டையும் அனுப்பினேன்.
துள்ளாததை எடுத்துக்கொண்டார்கள்.

எதுவும் சட்டென்று புறப்படக்கூடாது,
சட்டென்று நிற்கக்கூடாது:
என் தொழிலின் அரிச்சுவடி.
அதை என்னைவிட ஒழுங்காகப் படித்தது
எனக்கு வரவேண்டிய பணம்.
எழுபத்திரண்டு நாள்
மெல்லக் கிளம்பி, மெல்ல வந்து.

0061 ஒரு சாவு வீடு.
பதினாறாம் நாளுக்குத் திரையில் போட.
"மாமா சிரிக்கிற மாதிரி அசைக்க முடியுமா?"
மருமகன் கேட்டார்.
முடியும்.
மாலையை மட்டும் அசைத்தேன்,
மின்விசிறிக் காற்றுக்கு ஆடுகிற அளவு.
முகத்தைத் தொடவில்லை.
பாதி போதும் என்றேன்.
முழுசாகக் கொடுத்துவிட்டு
இன்னொரு தடவை போடச் சொன்னார்.

நேற்றிரவு இடி மழை.
தொண்ணூற்றோரு விழுக்காட்டில் ரெண்டர் செத்தது.
கைவிளக்கோடு மாடியேறி வந்த ஹெங்
வாடகை கேட்கவில்லை.
புதுப் பலகையில் டயர் உருளுமா என்றார்.
உருளும், சேறும் தெறிக்கும் என்றேன்.
"பெராப்பா?"
"எண்ணூறு."
நாக்கு தடுக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.
அவர் இருட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார்:
மூன்று மாத வாடகை, கையில் ஐம்பது.
சரி என்றேன். சீட்டு வேண்டும் என்றார்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதினேன். 0093.
அவர் படியிறங்கிப் போன பிறகு
விரல் விட்டுக் கழித்துப் பார்த்தேன்.
பொய்யாய்ச் சேர்த்த நாற்பத்தாறு போக
இதுதான்
நாற்பத்தேழாவது.