இருபத்தைந்து ஹெர்ட்ஸ்

நாலாயிரத்தில் சவரிராயன் விரல் தூக்கவில்லை.
ஆறாயிரத்திலும் இல்லை.
எட்டாயிரத்தில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்,
விடை அங்கிருந்து கசியும் என்பதுபோல.

சிவப்பு வட்டம், நீலப் பெருக்கல் குறி.
தாளில் இரண்டு கோடும்
சில்வர் பீச் சறுக்குமரம்போல
வலப்பக்கம் சரிந்து கிடந்தன.

முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி.
இருபத்திரண்டு வருஷம்
கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஸ்டூல்.
"காதுல பஞ்சு வைக்க மாட்டீங்களா?"
"வச்சா மெஷின் என்ன சொல்லுதுன்னு தெரியாதே மேடம்."

பிறகு மஞ்சள் பைக்குள்ளிருந்து
கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிடி எடுத்தார்.
வயலின், மிருதங்கம், கடம்.
ஒரே ராத்திரியில் பதிவானது.
ஆறு மாதச் சம்பளத்தில் ஸ்பீக்கரும்
கூடவே வீட்டில் ஒரு சண்டையும் வாங்கி
பதினோரு வருஷமாகக் கேட்கிற ஆல்பம்.
"இதுல நான் எதெல்லாம் கேக்கலைன்னு
எழுதித் தர முடியுமா?"

அரசு மருத்துவமனையில்
இப்படி ஒரு சீட்டு
யாரும் கேட்டதில்லை.

அன்று ராத்திரி மஞ்சக்குப்பத்து அறையில்
கதவிடுக்கில் துண்டை அடைத்தேன்.
ஃபேனை நிறுத்தி, வியர்த்தபடி,
ஹெட்போன் மாட்டினேன்.
எனக்குப் பாட்டு தெரியாது. சத்தம் தெரியும்.

பொதுவாக எல்லாவற்றையும் மேலே தூக்கி
கூரையில் தலை இடிக்க வைத்துத்தான் அனுப்புவார்கள்,
பஸ்ஸிலும் சலூனிலும் கேட்கட்டும் என்று.
இதை மாஸ்டரிங் செய்தவர்
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.
சின்னது சின்னதாகவே இருந்தது.
ஆலாபனைக்கு ஒலியைக் கூட்டினேன்;
இருபத்தோராம் நிமிடம் தனி ஆரம்பித்தபோது
நாற்காலியோடு பின்னுக்குப் போனேன்.

எழுதினேன்:
4.10. கடக்காரரின் மோதிரம் மண்ணில் படுகிறது.
9.32. வில்லில் ஓர் இழை அறுந்து
தந்தியை உரசிக்கொண்டே போகிறது.
12.05. யாரோ மிட்டாய்த் தாளைப் பிரித்து
பாதியில் வெட்கப்பட்டு நிறுத்துகிறார்.
பதினேழாம் நிமிடம் முழுக்க ஒரு சில்வண்டு.
சுருதியில் சேரவில்லை, விலகவும் இல்லை.

வியாழக்கிழமை
காது அச்சு எடுக்க வந்தவரிடம் கொடுத்தேன்.
கடன் நோட்டீஸ் நீட்டுகிறவளைப்போல
முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டு.

இரண்டு தடவை படித்தார்.
மிட்டாய்த் தாளுக்கு மட்டும் சிரித்தார்.
"ஜெனரேட்டரை எழுதலையே மேடம்?"

"எந்த ஜெனரேட்டர்?"

"ஹாலுக்குப் பின்னாடி, செவுத்துக்கு அந்தாண்ட.
மூணு சிலிண்டர். ஒண்ணுல இன்ஜெக்டர் சரியில்ல.
மிருதங்கம் மூச்சு வாங்குற எடத்துலல்லாம்
அது நொண்டுறது தெரியும்.
தனி முடியறதுக்குள்ள நின்னுடுமோன்னு
ஒவ்வொரு வாட்டியும் பயந்துக்கிட்டேதான் கேக்குறேன்."

என் காதுகள் எட்டாயிரம் வரை பழுதற்றவை.
வருஷா வருஷம் நானே சோதித்துக்கொள்வேன்.
அன்றைக்கு மூன்று முறை கேட்டேன். இல்லை.
கடைசியில் கம்ப்யூட்டரில் போட்டு
ஒலியைப் படமாக விரித்தேன்.
அடியில், மிக அடியில்,
இருபத்தைந்து ஹெர்ட்ஸில்
முதல் நொடியிலிருந்து ஒரு கோடு.
நொண்டிக்கொண்டே கடைசி வரை போகிறது.

மாஸ்டரிங் செய்தவர் வெட்டியிருக்கலாம்.
ஒரு பொத்தான்தான்.
வெட்டினால் தொப்பியின் அடிவயிறும்
கொஞ்சம் கூடவே போயிருக்கும்.
அவர் வெட்டவில்லை.
யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்தாரோ,
முதுநகரில் ஒருவர் இருப்பார் என்று நினைத்தாரோ.

"இந்த மெஷின் வச்சா ஜெனரேட்டர் கேக்குமா?"
"கேக்காது. கீழ இருக்கிறதை இது இரைச்சல்னு தள்ளிடும்.
மோதிரம் கேக்கும். சில்வண்டு கேக்கும்."

யோசித்தார். வெளியே
டோக்கன் எண் நாற்பத்தாறைக் கூப்பிட்டார்கள்.

"அப்ப இடது காதுக்கு மட்டும் குடுங்க.
வலது அப்படியே இருக்கட்டும்."

அரசு விண்ணப்பத்தில்
'ஒரு காதுக்கு மட்டும் எனில், காரணம்'
என்று ஒரு கட்டம் உண்டு.
ஒன்றரை வரி இடம்.
பேனா மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன்.