முழுப் பேர்

பதுளை ஆஸ்பத்திரி, ஏழாம் இலக்க அறை.
வயிற்றில் பூசிய கூழ்
மார்கழிப் பைப்புத் தண்ணீராய்ச் சில்லிட்டது.
டொக்டர் ஹேமாலி ஒரே இடத்தை
மூன்று தரம் அளந்தார்.
தொடை எலும்பு.
இருபத்திரண்டு கிழமைக்குக் காணாது என்றார்.

திரையைத் திருப்பச் சொன்னேன்.
கவ்வாத்துக் கத்திக்குத் தப்பிய தேயிலை வாது போல
வளைந்து கிடந்தது ஒரு வெள்ளைக் கோடு.
நடுவில் ஒரு கணு.
"அது என்ன?"
தக்ஷிலா நேர்ஸ் தமிழைத் தேடி எடுத்தாள்:
"உடைஞ்சி... அதுவாவே ஒட்டியிருக்கு."

எனக்குத் தெரியும் அந்தக் கணுவை.
என் இடது முழங்கைக்குக் கீழே இருக்கிறது,
தடவிப் பார்க்கலாம்.
புள்ளக் காம்பராத் தொட்டிலில் ஒன்று,
கான் தாண்டும்போது ஒன்று,
தும்மியதில் விலா,
ஒன்பதாம் நம்பர் மலையில்
கொழுந்துச் சாக்கோடு விழுந்து இரண்டு.
டிஸ்பென்சரியில் எல்லாவற்றையும் சுளுக்கு என்று எழுதினார்கள்.
செக்ரோலில் அரைப் பேர் போட்டார்கள்.
கண்ணின் வெள்ளை ஏன் நீலமாய் இருக்கிறதென்று
ஒருவரும் கேட்கவில்லை.
பொண்ணு பார்க்க வந்தவர்கள் மட்டும்
அழகு என்றார்கள்.

டொக்டர் என் கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தார்.
பிறகு தாளில் எழுதினார்.
நீளமான இரண்டு சொற்கள், இங்கிலீசில்.
முழுப் பேர்,
பிள்ளைக்கும் எனக்கும் சேர்த்து.

"மருந்து?" என்றான் புவனேசு.
"பொறந்த பிறகு பாப்போம்."
"எவ்வளவு மோசம்?"
"இப்ப சொல்ல ஏலாது."
இன்னொன்று கேட்க வாயெடுத்தவன்
என்னைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.
நானும் அதைத்தான் நினைத்தேன்,
அரை நிமிசம்.

கருவி மறுபடி வந்தது, தலைக்கு.
மண்டை ஓடு சற்றே அமுங்கியது,
ரொட்டி மாவில் பெருவிரல் பட்டது போல.
"மெதுவா, டொக்டர்!"
பிள்ளைக்காக நான் பேசிய முதல் வார்த்தை.
தக்ஷிலா மொழிபெயர்க்கவில்லை.
அதற்குள் டொக்டர் கையை எடுத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு கிலோ கோதுமை மா வாங்கினான்.
ஹாலிஎல தாண்டும்வரை பேசவில்லை.
தோட்டத்து ரோட்டில் குலுக்கல் தொடங்கியதும்
நான்தான் சொன்னேன்:
"கக்கத்துல புடிச்சித் தூக்கக்கூடாதாம்.
கால இழுக்கக்கூடாதாம்.
அடியில கை குடுக்கணும், வெரல விரிச்சி."

மாப்பையை மடியிலிருந்து எடுத்தான்.
சாக்குத் தூக்கிக் காய்த்த பத்து விரலையும்
விரித்து அடியில் கொடுத்தான்.
"இப்பிடியா?"
"கழுத்துக்கு ஒரு கை."

மாவுக்குக் கழுத்து எதுவென்று
குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.